ஹேப்பனிங் நடத்துவது எப்படி? பார்க்க வந்தவர் கையில் வேலை கொடுக்கும் கலைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1959 அக்டோபரில் நியூயார்க்கின் நான்காவது அவென்யூவில் இருந்த ரூபன் கேலரிக்குப் போனவர்களிடம் ஒரு நிகழ்ச்சி நிரலும் கூடவே சில சீட்டுகளும் கொடுத்தார்கள். மரச்சட்டங்களில் பிளாஸ்டிக் தாள்களை இழுத்துக் கட்டி, கேலரியை மூன்று அறைகளாகத் தடுத்திருந்தார்கள். எந்த அறையில் எப்போது உட்கார வேண்டும், எப்போது எழுந்து இடம் மாற வேண்டும் என்பதெல்லாம் சீட்டில் இருந்தது. மணி அடித்தால் ஒரு பகுதி தொடங்கும், மறுபடி அடித்தால் முடியும். மூன்று அறைகளிலும் ஒரே நேரத்தில் ஏதோ நடக்கும். ஒரு பெண் ஆரஞ்சுப் பழங்களைப் பிழிவார். ஒரே துணியின் இரண்டு பக்கமும் நின்று இரண்டு ஓவியர்கள் வண்ணம் பூசுவார்கள். பக்கத்து அறையில் நடப்பது பிளாஸ்டிக் வழியாக மங்கலாகத் தெரியும், காதிலும் விழும், ஆனால் முழுதாகப் பிடிபடாது.

ஆலன் காப்ரோ நடத்திய அந்த நிகழ்வின் பெயர் '6 பகுதிகளில் 18 ஹேப்பனிங்குகள்'. அதன் பங்கேற்பாளர் பட்டியலில், பல நாற்காலிகளில் உட்காரும் வருகையாளர்கள் என்று ஒரு வரியும் இருந்தது. டிக்கெட் வாங்கி வந்தவரையும் நடிப்பவர் பட்டியலில் சேர்த்த அந்த வரியிலிருந்துதான் இந்த வழிகாட்டி தொடங்குகிறது. மேடையில் ஒருவர் தன் உடம்பையே கலையாக நிறுத்தும் பெர்ஃபார்மன்ஸ் ஆர்ட் 1970களில் தனி வகையாக நிலைபெறும் முன்பே, வந்தவர்களையெல்லாம் உள்ளே இழுத்துப் போட்டு நடந்த கலை இது.

கல்லூரியிலோ நாடகக் குழுவிலோ நண்பர்கள் வட்டத்திலோ இப்படி ஒன்றை நீங்களே நடத்திப் பார்க்க நினைத்தால், கீழே உள்ள படிகள் உதவும். காசு அதிகம் தேவையில்லை, பொறுமை நிறையத் தேவை. ஒவ்வொரு படியிலும் முன்னோடிகள் என்ன செய்தார்கள் என்றும் பார்த்துக்கொண்டே போவோம். அது தெரியாமல் இறங்கினால் கலாட்டா செய்துவிட்டு அதற்கு ஹேப்பனிங் என்று பெயர் வைப்பதில் போய் முடியும். அப்படி முடிந்தவை நிறையவே உண்டு.

படிகளுக்கு முன், கொஞ்சம் பின்னணி

காப்ரோ முதலில் ஓவியர். ஹான்ஸ் ஹோஃப்மனிடம் ஓவியம் படித்தார், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படித்தார். ஜாக்சன் பொல்லாக் தரையில் துணியை விரித்து, அதைச் சுற்றிச் சுற்றி நடந்து வண்ணத்தைச் சிந்தியதைப் பற்றி 1958இல் ஒரு கட்டுரை எழுதினார். ஓவியம் சட்டத்தைத் தாண்டி அறைக்குள் வழிந்துவிட்டது, இனி அறையும் தெருவும் அங்கே இருக்கும் மனிதர்களும்தான் பொருள் என்பது அவர் வாதம். அதே காலத்தில் நியூயார்க்கின் நியூ ஸ்கூல் கல்லூரியில் இசையமைப்பாளர் ஜான் கேஜ் நடத்திய இசைவகுப்பில் உட்கார்ந்தார். எந்தச் சத்தமும் இசையாகலாம், நாணயத்தைச் சுண்டிக்கூட வரிசையைத் தீர்மானிக்கலாம் என்று கேஜ் சொல்லிக்கொடுத்தது அங்கேதான்.

கேஜ் இதை முன்பே செய்து பார்த்திருந்தார். 1952 கோடையில் வட கரோலினாவின் பிளாக் மவுன்டன் கல்லூரி உணவுக்கூடத்தில் அவர் நடத்திய நிகழ்வில் மெர்ஸ் கன்னிங்ஹாம் ஆடினார், ஏணிமேல் ஏறிக் கவிதை வாசித்தார்கள், கேஜ் உரை நிகழ்த்தினார், டேவிட் டியூடர் பியானோ வாசித்தார், ராபர்ட் ரவுஷன்பெர்கின் வெள்ளை ஓவியங்கள் தலைக்கு மேலே தொங்கின. எல்லாம் ஒரே நேரத்தில். நாற்காலிகளை நடுவே பார்த்தபடி முக்கோணங்களாகப் போட்டிருந்ததால், பார்வையாளர்களுக்கு எதிரே இருந்தவர்களும் பார்வையாளர்களே. ஒவ்வொரு இருக்கையிலும் ஒரு காலிக் கோப்பை. அது எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. கடைசியில் அதில் காப்பி ஊற்றினார்கள்.

ஜப்பானில் இது வேறு வழியில் வந்தது. ஒசாகாவுக்கு அருகே 1954இல் யோஷிஹாரா ஜிரோ தொடங்கிய குட்டாய் குழுவில் ஷிராகா கசுவோ சேற்றில் புரண்டார், முரகாமி சபுரோ காகிதத் திரைகளைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தார். புகைப்படங்களில் அவர்கள்தான் அதிகம் தெரிகிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது, 1956இல் ஆஷியா பூங்காவின் திறந்தவெளிக் கண்காட்சியில் யோஷிஹாரா நட்டு வைத்த ஒரு பலகை. இஷ்டப்படி வரையலாம் என்பதுதான் அதன் பெயர். குழந்தைகளும் பெரியவர்களும் வந்து கிறுக்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு தனாகா அட்சுகோ வரிசையாக மின்மணிகளை வைத்து, ஒரு பொத்தானை வருகிறவர் கைக்கு விட்டார். அழுத்தினால் மணிச்சத்தம் கூடம் முழுக்க ஒன்றன்பின் ஒன்றாக ஓடிப்போய்த் திரும்பும். அழுத்தியவர் திடுக்கிட்டு விழிப்பதும் படைப்பில் சேர்ந்தது.

சரி, இனி வேலைக்கு வருவோம்.

படி 1: முதலில் விட வேண்டியவை

1966இல் காப்ரோ ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். அதில் பாட்டு கிடையாது. ஹேப்பனிங் செய்வது எப்படி என்று 11 விதிகளை அவரே பேசுகிறார். தெரிந்த கலை வடிவங்களையெல்லாம் மறந்துவிடுங்கள் என்பது முதல் விதி. படம் வரையாதே, கவிதை எழுதாதே, நாடகம் போடாதே என்று பட்டியல் நீளும்.

கேட்க எளிது, செய்வது கஷ்டம். நம் கூட்டத்தில் பத்து பேர் உட்கார்ந்து யோசித்தால் அரை மணி நேரத்தில் ஒருவர் பறை கொண்டுவரலாமா என்பார், இன்னொருவர் கடைசியில் ஒரு கவிதை வாசிக்கலாம் என்பார், மூன்றாமவர் முகத்தில் வெள்ளைச் சாயம் பூசிக்கொள்ளக் கிளம்புவார். பறையும் கவிதையும் நல்லவைதான். ஆனால் அவை வந்த நிமிடமே கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும்: செய்கிறவர், பார்க்கிறவர். கைதட்டலும் வரும். அப்புறம் அது கலைநிகழ்ச்சி. யோசனைகளை ஒரு தாளில் எழுதி, மேடையும் திறமையும் தேவைப்படும் ஒவ்வொன்றையும் அடித்துவிடுங்கள். பழகாத எவரும் செய்யக்கூடியது மட்டும் மிஞ்சட்டும்.

படி 2: ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள்

கருத்தைத் தேடாதீர்கள், வேலையைத் தேடுங்கள். சுற்றுச்சூழல், தனிமை, நுகர்வு என்று தலைப்பிலிருந்து தொடங்கியவை பெரும்பாலும் தெருமுனைப் பிரச்சாரமாக முடிகின்றன. தூக்குவது, கட்டுவது, கழுவுவது, காத்திருப்பது, அடுக்குவது போன்ற வினைச்சொல்லிலிருந்து தொடங்கினால் கருத்து தானாக வந்து ஒட்டிக்கொள்ளும், சில நேரம் நாம் நினைக்காத கருத்தே.

1967 அக்டோபரில் பசடேனாவிலும் லாஸ் ஏஞ்சலஸிலுமாகக் காப்ரோ நடத்திய 'ஃப்ளூயிட்ஸ்' இதற்கு நல்ல உதாரணம். மூன்று நாட்களில் நகரம் முழுக்க, சுமார் 30 அடி நீளம், 10 அடி அகலம், 8 அடி உயரத்தில் பனிக்கட்டிப் பாளங்களால் சுவர்கள் கட்ட வேண்டும். சுற்றிலும் இடைவெளியே இல்லாத சுவர், வாசல் கிடையாது. கட்டி முடித்ததும் உருக விட்டுவிட வேண்டும். சுமார் 20 இடங்கள் என்று சுவரொட்டியில் அறிவித்தார்கள். கையுறை போட்ட தன்னார்வலர்கள் பாளங்களைத் தூக்கி அடுக்கினார்கள், ஒட்டுவதற்கு நடுவே கல்லுப்பைத் தூவினார்கள். கலிஃபோர்னியா வெயிலில், கார் நிறுத்துமிடத்திலும் கடைவாசலிலும் எதற்கும் உதவாத ஒரு பனிக்கட்டிக் கட்டடம். வீணான உழைப்பு, கட்டுமான மோகம், அழிவு என்று எதை வேண்டுமானாலும் அதில் படிக்கலாம். தூக்கியவருக்கு முதலில் தெரிந்தது முதுகுவலியும் விரல் மரத்துப்போனதும்தான். ஒருவர் தனியாகத் தூக்க முடியாத பாரத்தைக் கொடுத்துவிட்டால், அறிமுகமே இல்லாதவர்களும் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

சின்ன வேலையும் போதும். கலைஞர் அலிசன் நோல்ஸ் 1962இல் லண்டனில் செய்தது ஒரு சாலட். காய்களை நறுக்கி, கலந்து, வந்தவர்களுக்குக் கொடுத்தார். அவ்வளவே. 2008இல் லண்டனின் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தின் பெரிய கூடத்தில் அதே சாலட் பெருங்கூட்டத்துக்கான அளவில் மறுபடி கிளறப்பட்டது.

டோக்கியோவில் ஹை ரெட் சென்டர் என்ற கலைஞர் குழு இன்னும் குறும்பானது. 1964 அக்டோபர் 16, ஒலிம்பிக் நடந்துகொண்டிருக்கிறது, நகரை வெளிநாட்டவருக்காகப் பளபளப்பாக வைத்திருக்கிறார்கள். கின்சா தெருவில் வெள்ளை கோட்டும் முகமூடியும் அணிந்த சிலர் வந்து நடைபாதைக் கற்களை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தார்கள். அரசாங்க வேலை என்றே பலரும் நினைத்தார்கள். ஒரு கோஷம்கூடப் போடாமல், சுத்தம் என்ற வேலையை அளவுக்கு மீறிச் செய்ததே விமர்சனமாகிவிட்டது.

படி 3: இடத்தை உடையுங்கள்

ஒரே அறையில் வைத்தால் ஒரு மூலை மேடையாக மாறிவிடும். காப்ரோவுக்கே இது நடந்தது. ஆரம்பகால நிகழ்வுகளில் பார்வையாளர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர் திணறியது தெரியும். 1961இல் 'வசந்த ஹேப்பனிங்'கில் அவர்களை ஒரு குறுகிய பெட்டி போன்ற நடைபாதைக்குள் அடைத்து, பிளவுகள் வழியாக வெளியே பார்க்க வைத்தார். முடிவில் ஓடும் புல்வெட்டும் இயந்திரம் ஒன்று அவர்களை நோக்கி வந்தது, சுவர்கள் விழுந்தன. இப்படிப்பட்ட நிகழ்வுகள் கூட்டத்தைச் சீண்டுவதையும் வதைப்பதையும் பற்றி விமர்சகர் சூசன் சொன்டாக் 1962இலேயே எழுதினார். அவர் சொன்னது சரியென்றே நினைக்கிறேன். அடைத்துவைத்து மிரட்டுவது பங்கேற்பு ஆகாது.

அதே 1961இல் நியூயார்க்கின் மார்த்தா ஜாக்சன் கேலரியின் பின்முற்றத்தில் காப்ரோ அமைத்த 'யார்ட்' அந்தச் சிக்கலுக்கு விடை போல இருந்தது. முற்றம் முழுக்கப் பழைய கார் டயர்களைக் கொட்டினார். அங்கே நிரந்தரமாக இருந்த சிற்பங்களைத் தார்த்தாளில் சுற்றி மறைத்தார். வந்தவர் நடந்தாலே டயர்மேல் ஏறித்தான் நடக்க வேண்டும், விரும்பினால் தூக்கி வீசலாம். ஒதுங்கி நின்று பார்க்க அங்கே இடமே இல்லை.

1964இல் 'ஈட்' என்ற நிகழ்வுக்குப் பிராங்க்ஸில் கைவிடப்பட்ட எப்லிங் மதுவடிசாலையின் குகை அறைகளைத் தேர்ந்தெடுத்தார். உள்ளே போனால் கயிற்றில் தொங்கும் பழங்கள், ரொட்டி, ஒயின். ஈரமும் இருட்டும் சேர்ந்து சாப்பாட்டையே விநோதமாக்கின. 1965இன் 'காலிங்'கில் இன்னும் ஒரு படி போனார். பங்கேற்பவர்களைத் தெருவில் காரில் ஏற்றி, அலுமினியத் தாளால் சுற்றி, பிறகு துணியால் கட்டி, கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் விசாரணைக் கூண்டருகே விட்டார்கள். மறுநாள் நியூ ஜெர்சியில் ஒரு பண்ணைக்காட்டில் அடுத்த பகுதி. முழுவதையும் ஒரே ஆள் பார்க்கவே முடியாது.

உங்கள் நிகழ்வுக்கு இரண்டு மூன்று இடங்கள் போதும். ஒன்று ஆள் நடமாட்டமுள்ளது, ஒன்று அமைதியானது, இரண்டுக்கும் நடுவே நடந்து போகும் தூரம். அந்த நடையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: நேரம்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். பனிக்கட்டி உருக எவ்வளவு ஆகும் என்பதைப் பனிக்கட்டிதான் முடிவு செய்யும். ஒரு மணி நேர நிகழ்ச்சி என்று நோட்டீஸில் போட்டுவிட்டு அதற்காக வேலையைச் சுருக்காதீர்கள். வரிசையைத் தீர்மானிப்பதில் சண்டை வந்தால் கேஜ் வழியில் நாணயம் சுண்டுங்கள்.

படி 5: குறிப்புத்தாள்

இங்கேதான் நிகழ்வு பிழைக்கும் அல்லது சாகும். மற்ற எல்லாப் படிகளிலும் கொஞ்சம் கவனக்குறைவாக இருந்தாலும் சமாளிக்கலாம். தாள் மோசமாக இருந்தால் முடியாது.

காப்ரோவோடு கேஜின் வகுப்பில் இருந்த ஜார்ஜ் பிரெக்ட், நிகழ்வு முழுவதையும் ஒரு சின்ன அட்டையில் அடக்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தார். சொட்டுகிற தண்ணீர், அதைப் பிடிக்க ஒரு காலிப் பாத்திரம்: இரண்டையும் பொருத்தி வைத்தால் ஓர் இசைநிகழ்ச்சி. யாரும் எங்கேயும் செய்யலாம். ஃப்ளக்ஸஸ் என்று 1962இல் ஜெர்மனியின் வீஸ்பாடனில் திரண்ட கலைஞர்களுக்கு இந்த அட்டைகள்தான் மூலதனம். காப்ரோவின் 1959 நிகழ்வு அப்படி இல்லை. குச்சிமனிதப் படங்களோடு அசைவுகளைக்கூடக் குறித்து, இரண்டு வாரம் ஒத்திகை பார்த்தார். ஹேப்பனிங் என்றால் தோன்றியதைச் செய்வது என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பின்னால் ஒத்திகையை அவர் கைவிட்டார். தாளைக் கைவிடவே இல்லை.

ஒரு மாதிரி தருகிறேன். 12 பேருக்கானது, ஒரு பகல் ஆகும்.

நாற்காலி

1. உங்கள் வீட்டில் இருக்கும் ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு, உட்கார இடமில்லாத ஒரு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து போகவும்.
2. நாற்காலியை நிழலில் போட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கவும். நீங்கள் உட்கார வேண்டாம்.
3. யாராவது கேட்டால், உட்காரலாம் என்று சொல்லவும்.
4. ஒருவர் உட்கார்ந்து எழுந்து போன பிறகு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அடுத்த நிறுத்தத்துக்கு நடக்கவும். யாரும் உட்காரவில்லை என்றால் அங்கேயே இருக்கவும்.
5. வெயில் தாழ்ந்ததும் எல்லோரும் பேசி வைத்த மைதானத்துக்கு வரவும். நாற்காலிகளை வந்த வரிசையில் போடவும். வேறு ஒருவருடைய நாற்காலியில் உட்காரவும்.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? ஒவ்வொரு வரியும் ஒரு வினையில் முடிகிறது. உணருங்கள், சிந்தியுங்கள், உங்களுக்குள் பாருங்கள் என்று எங்குமே இல்லை. செய்ய வேண்டாம் என்று ஒரே ஒரு தடை இருக்கிறது, அதுதான் நாள் முழுக்க உறுத்தும்: கால் வலிக்கும், நாற்காலி பக்கத்தில் இருக்கும், உட்கார முடியாது. நான்காம் வரியில் அடுத்து என்ன நடக்கும் என்பது முன்பின் தெரியாத ஒருவர் கையில் இருக்கிறது. ஒருவர் பத்து நிறுத்தம் போவார், இன்னொருவர் ஒரே இடத்தில் நாள் முழுக்க நிற்பார். இரண்டும் சரியே.

எழுதி முடித்ததும், இந்தத் திட்டத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவரிடம் தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர் என்ன செய்யணும் என்று கேட்டால் தாளில் குறை இருக்கிறது. இதெல்லாம் எதுக்கு என்று கேட்டால் தாள் சரியாக இருக்கிறது. அந்தக் கேள்விக்குத் தாளில் பதில் எழுதிவிடாதீர்கள். விளக்கக் குறிப்பு, நோக்கம், கலைஞரின் உரை எதுவும் வேண்டாம்.

படி 6: பொருள்கள்

கையில் இருப்பது, இரவல் கிடைப்பது, பழைய இரும்புக் கடையில் கிடப்பது. இந்தக் கலையே குப்பையிலிருந்து வளர்ந்ததுதான். காப்ரோ 1964இல் 'ஹவுஸ்ஹோல்ட்' நிகழ்வை இத்தாக்கா ஊரின் குப்பைமேட்டிலேயே நடத்தினார், ஒரு காரின்மேல் ஸ்ட்ராபெரி ஜாமைப் பூசி மாணவர்களை நக்கவிட்டார். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். டயர் யோசனை கவர்ச்சியாக இருந்தால், மழைக்காலத்தில் மட்டும் வேண்டாம்: டயரில் நிற்கும் தண்ணீரில் டெங்கு கொசு வளரும், மாநகராட்சி ஆட்கள் வந்து கேட்டால் யார்ட், காப்ரோ என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

படி 7: ஆட்களும் அனுமதியும்

அதிகாரத்தோடு மோதாதே, அதை வைத்து வேலை வாங்கு என்பதும் காப்ரோவின் விதிகளில் ஒன்று. போலீஸ், மேயர், கல்லூரி முதல்வர் என்று யாரிடம் கேட்க வேண்டுமோ அவரிடம் கேள். புரட்சிக்காரர்களுக்கு இது சப்பென்று இருக்கும். ஆனால் ஒரு நகரம் முழுக்கப் பனிக்கட்டிச் சுவர் எழுப்பியவர் சொன்னது. பொது இடம் என்றால் அந்த எல்லைக் காவல் நிலையத்தில் எழுத்தில் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர், என்ன பொருள், எத்தனை மணி வரை என்பது போதும். கலை என்ற சொல் கடிதத்தில் ஒரு முறைக்கு மேல் வர வேண்டியதில்லை.

அனுமதி மறுக்கப்படுவதும் ஒரு சேதிதான். 1965இல் ரியோ டி ஜெனீரோவின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஒரு கண்காட்சியின் திறப்பு விழாவுக்கு, பிரேசில் கலைஞர் ஹெலியோ ஒய்டிசிகா, மங்குவேரா என்ற குப்பத்தின் சம்பா ஆட்டக்காரர்களை அழைத்து வந்தார். பரங்கோலே என்று அவர் செய்த, உடுத்திக்கொண்டு ஆட வேண்டிய துணிப்படைப்புகள் அவர்கள் உடம்பில். நிர்வாகம் உள்ளே விடவில்லை. வெளியே தோட்டத்தில் ஆடினார்கள். சுவரில் மாட்டிய துணியென்றால் சேர்த்திருப்பார்கள், அதை உடுத்தி வந்த குப்பத்து மனிதர்களைச் சேர்க்க முடியவில்லை.

ஆட்களைச் சேர்க்கும்போது தெரிந்தவர்கள் பாதி, தெரியாதவர்கள் பாதி என்று வையுங்கள். முழுக்க நண்பர்கள் என்றால் கிண்டலிலேயே பொழுது போய்விடும். நிகழ்வுக்கு முந்திய நாள் எல்லோரையும் கூட்டி, தாளை ஒரு முறை வாசித்து, சந்தேகம் கேளுங்கள். காப்ரோவும் இப்படித்தான் முன்கூட்டம் போட்டு வேலைகளைப் பிரித்துக் கொடுப்பார்.

யாருக்கு என்ன வேலை என்பதிலும் கண் வையுங்கள். 'ஹவுஸ்ஹோல்ட்'டில் ஆண்களுக்குக் கோபுரம் கட்டும் வேலை, பெண்களுக்குக் கூடு பின்னும் வேலை. இன்று அதைப் படிக்கும்போது இடிக்கிறது. வேலையைச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்துவிடுங்கள்.

படி 8: எங்கே நிறுத்துவது

பார்வையாளரிடம் கையை விட்டுக்கொடுத்தால் அவர் அந்தக் கையை என்ன செய்வார்? ஹேப்பனிங்கிலிருந்து பெர்ஃபார்மன்ஸ் ஆர்ட் பிரிந்து போன பாதை இந்தக் கேள்வியில்தான் தெரிகிறது.

ஜப்பானியக் கலைஞர் யோகோ ஓனோ 1964இல் கியோட்டோவில் 'கட் பீஸ்' செய்தார். மேடையில் மண்டியிட்டு உட்கார்ந்தார், முன்னால் ஒரு கத்தரிக்கோல். வருகிறவர் ஒவ்வொருவராக வந்து அவர் உடையில் ஒரு துண்டை வெட்டி எடுத்துப் போகலாம். 1965இல் நியூயார்க்கின் கார்னகி ரிசைட்டல் ஹாலில் நடந்தது படமாக இருக்கிறது. முதலில் தயங்கித் தயங்கி ஓரத்தை வெட்டுகிறார்கள். பிறகு ஒரு இளைஞர் சாவகாசமாக வந்து உள்ளாடைப் பட்டைவரை வெட்டுகிறார், ஓனோ கைகளால் மார்பை மூடிக்கொள்கிறார். இதிலும் தாள் உண்டு, பங்கேற்பும் உண்டு. ஆனால் ஃப்ளூயிட்ஸில் எல்லோர் உடம்பும் உழைத்தது. இங்கே ஒரே உடம்பு நடுவில் இருக்கிறது, மற்றவர்கள் அதன்மேல் ஏதோ செய்கிறார்கள்.

1974இல் இத்தாலியின் நேப்பிள்ஸில் கலைஞர் மரினா அப்ரமோவிச்சின் 'ரிதம் 0' இதன் கடைசி எல்லை. மேசையில் 72 பொருள்கள்: ரோஜா, இறகு, தேன், கத்தரிக்கோல், அறுவைக் கத்தி, ஒரு துப்பாக்கி, ஒரு தோட்டா. 6 மணி நேரம் என்னை எது வேண்டுமானாலும் செய்யலாம், பொறுப்பு என்னுடையது என்று எழுதி வைத்துவிட்டு அசையாமல் நின்றார். உடையைக் கிழித்தார்கள், தோலைக் கீறினார்கள், ஒரு கட்டத்தில் துப்பாக்கியை அவர் கையிலேயே கொடுத்துக் குறிபார்க்க வைத்தார்கள். தடுக்க வந்தவர்களும் கூட்டத்திலிருந்தே வந்தார்கள். பெரிய படைப்பு, சந்தேகமில்லை. அதே நேரம், அங்கே பார்வையாளர் மறுபடியும் பார்வையாளராகிவிட்டார் என்பதையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலோர் செய்தது நின்று பார்த்ததுதான். கலைஞர் ஒருவர், சுற்றிலும் கூட்டம் என்ற பழைய வட்டத்துக்கே போய்ச் சேர்ந்தது.

நீங்கள் தொடங்குகிறவர் என்றால் இந்த இரண்டையும் நகல் எடுக்க வேண்டாம். உடம்பின்மேல் கூட்டத்துக்கு உரிமை தரும் எதையும் பழக்கமில்லாத குழு வைத்துக்கொள்ளக் கூடாது. மற்றபடி வழக்கமான எச்சரிக்கைகள்: எவரும் எந்த நிமிடமும் விலகலாம் என்று தாளின் தலைப்பிலேயே எழுதுங்கள். நிறுத்துவதற்கு ஒரு சைகை வைத்துக்கொள்ளுங்கள், விசில் எளிது. தண்ணீர், முதலுதவிப் பெட்டி, அவசரத்துக்குக் கூப்பிட ஒரு தொலைபேசி எண். நிகழ்வுக்குத் தொடர்பில்லாத வழிப்போக்கரை ஏமாற்றிப் பயமுறுத்தி அதைப் படம் பிடிப்பது யூடியூபில் நடக்கும் பிராங்க். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

படி 9: அன்றைக்கு

ஒத்திகை பார்க்காதீர்கள். ஒரு முறை செய்து பார்த்தாலே இரண்டாம் முறை நடிப்பு வந்துவிடும். மழை வந்தால் மழையில் நடக்கட்டும், பாதிப் பேர் வரவில்லை என்றால் பாதிப் பேரோடு நடக்கட்டும், தாளில் 12 என்று இருந்தாலும் 7 நாற்காலி போதும்.

ஏற்பாட்டாளரும் ஒரு சீட்டு எடுத்து ஒரு வேலை செய்ய வேண்டும். கையில் நோட்டோடு நின்று மேற்பார்வை பார்க்கும் ஒருவர் இருந்தால் போதும், மற்ற எல்லோரும் அவருக்காக நடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். யாராவது தாளைத் தப்பாகப் புரிந்துகொண்டு வேறு ஏதோ செய்தாலும் திருத்தாதீர்கள்.

படி 10: பதிவும் மறுபடி செய்வதும்

கைபேசிதான் இன்றைய பெரிய தொந்தரவு. 12 பேரில் 12 பேரும் படமெடுத்தால் பார்வையாளர்கள் திரும்பி வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். எல்லாக் கைபேசிகளையும் ஒரு பையில் போட்டுவிட்டு, தூரத்தில் ஒரே ஒரு கேமராவை அனுமதிக்கலாம். 1960களின் நிகழ்வுகளை நாம் இன்று அறிவதும் சில புகைப்படக்காரர்களால்தான். ஆனால் அந்தப் படங்கள் நல்ல காட்சியை மட்டும் காட்டுகின்றன, சலிப்பான நீண்ட நேரங்களைக் காட்டுவதில்லை. எனவே படத்தைவிட, மறுநாளே ஒவ்வொருவரும் நடந்ததை ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பது பயன்படும். அந்தப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது, அப்படியே சேர்த்து வையுங்கள்.

ஒரே ஒரு முறைதான் நடத்த வேண்டும் என்று சொன்ன காப்ரோ, பிற்காலத்தில் தன் பழைய நிகழ்வுகளை மற்றவர்கள் புதிதாகக் கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்றார். அவர் 2006 ஏப்ரலில் இறந்தார். அதே ஆண்டு முனிச்சில் அந்தப் '18 ஹேப்பனிங்குகள்' அவருடைய ஒப்புதலோடு மறுபடி நடந்தது. 2009இல் நியூயார்க்கில் 'யார்ட்'டை மூன்று கலைஞர்கள் மூன்று விதமாகச் செய்தார்கள். நீங்களும் பழைய ஒன்றை எடுத்துச் செய்யலாம். பெயரையும் ஆண்டையும் யாருடையது என்பதையும் தாளின் மேலே எழுதிவிட்டு, பொருளையும் இடத்தையும் உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றுங்கள். பனிக்கட்டி வாங்குவதென்றால் மீன் சந்தைக்குப் போகும் ஐஸ் கம்பெனியில் பாளம் கிடைக்கும். முந்திய நாளே சொல்லி வைக்க வேண்டும், கையுறையும் சாக்கும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.